மிஷ்டி திட்டம்: நாற்றுக்கு முன்னால் வாய்க்கால்

உப்பங்கழி ஓரத்து ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய திட்டம் மிஷ்டி. 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 5 அன்று தொடங்கினார்கள். ஐந்து ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திக் காடுகளை மீட்டு வளர்ப்பது இலக்கு. காம்பா நிதி (காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் ஈடாகக் கட்டும் பணம்), 100 நாள் வேலைத் திட்டம் போன்றவற்றை இணைத்துச் செலவு செய்வதாக அப்போது அறிவித்தார்கள்.

இது தனிநபர் மானியம் இல்லை. ஊருக்குக் கிடைப்பது வாய்க்கால் வெட்டு, நாற்றங்கால், நடவு என்று கூலி வேலை. அப்புறம், காடு தழைத்தால் இறாலும் நண்டும்.

ஆனால் நட்டால் மட்டும் காடு வந்துவிடாது. பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலம் முதல் கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டியதில், வெயில் நேராக விழுந்து சேறு காய்ந்து, நிலம் தொட்டி போல உள்வாங்கியது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் வற்றி, உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதில் எந்த நாற்று பிழைக்கும்? 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டின: நடுவே பெரியது, இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்க, உப்பு கழுவிப்போனது. பச்சை திரும்பியது.

இன்று அந்த வாய்க்கால்களை முதலில் கணினியில் வெட்டிப் பார்க்கலாம். செயற்கைக்கோள் படம், டிரோன் எடுத்த நில மட்டம், ஓத அட்டவணை மூன்றையும் கொடுத்தால் தண்ணீர் எதுவரை வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துவிடும். பிச்சாவரம் பக்கம் ஓதம் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. ஒரு சாண் மேடு பள்ளம்கூடக் கணக்கை மாற்றிவிடும். வாய்க்கால் ஓரம் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தை நடலாம். முருங்கைக்காய் போல மரத்திலேயே முளைத்துத் தொங்கும் அதன் நாற்றைச் சேற்றில் அப்படியே செருகலாம். சற்று மேடான இடத்துக்கு வெண்கண்டல் என்ற இன்னொரு வகை.

திறந்த மணற்கரைக்கு இது பொருந்தாது. அங்கே மணலைப் பிடிப்பது அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும்தான்.

உங்கள் ஊரில் வேலை வந்தால் கிராம சபையிலோ வனச்சரக அலுவலகத்திலோ தயங்காமல் கேளுங்கள்: மட்ட வரைபடம் எங்கே? வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரப்போவது யார்? என்னைக் கேட்டால், நாற்று எண்ணிக்கையைவிட இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். தூர்ந்த வாய்க்காலால் பழைய உப்பு திரும்பிவிடும்.

வளர்ந்த காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் விட வேண்டும். தனியார் நிலத்தில் உள்ள காட்டுக்கு அந்த வளையம் கிடையாது.