சோகையை ‘ரத்தக் குறைவு’ என்று எழுதாதீர்கள்

சுகாதாரத் துண்டறிக்கை, நாளிதழின் மருத்துவப் பக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தமிழ்த் தாள், செல்போனில் சுற்றும் உணவுக் குறிப்பு என எதை எடுத்தாலும் அனீமியாவுக்கு ‘ரத்தக் குறைவு’ என்றோ ‘ரத்தக் குறைபாடு’ என்றோதான் போட்டிருக்கிறார்கள். தனித்தமிழில் எழுத விரும்புகிறவர்கள் அதையே ‘குருதிக்குறை’ ஆக்கிவிடுகிறார்கள். ரத்தத்தைக் குருதி ஆக்கினாலும் பிழை பிழைதான். அனீமியாவில் ரத்தம் குறைவதில்லை. இந்த நோய்க்குச் சோகை என்று நல்ல சொல் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மொழிபெயர்ப்பாளர்கள் தவறான சொல்லைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பிழையின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘அன்’ என்றால் இல்லாமை, ‘ஹைமா’ என்றால் ரத்தம். ஹீமோகுளோபினிலும் ஹீமோபிலியாவிலும் இருப்பது இதே ஹைமாதான். பூச்சி, நத்தை, கணவாய் போலச் சிவப்பு ரத்தம் இல்லாத உயிர்களை அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லால்தான் வகைப்படுத்தினார். வெளிறிப்போன மனிதரைப் பார்த்து ‘ரத்தமே இல்லை’ என்று அன்றைக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ரத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஐரோப்பிய மொழிகள் பழைய சொல்லையே வைத்துக்கொண்டன. அவர்களுக்கு அது உறுப்புப் பிரித்துப் பார்க்காத வெறும் பெயர். நாமோ அதைப் பிரித்து, துண்டு துண்டாகப் பெயர்த்து, அவர்களே மறந்துவிட்ட பிழைக்குத் தமிழில் உயிர் கொடுக்கிறோம்.

உண்மையில் குறைவது சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் அது ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிக்கு எல்லை 11. நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. ரத்தத்தின் மொத்த அளவு வேறு கணக்கு: உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மி.லி., அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நாலேகால் லிட்டர். சோகை பிடித்தவருக்கும் அந்த நாலேகால் லிட்டர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பானை நிறைய மோர் இருக்கிறது, ஆனால் அது நீர்மோர்.

‘ரத்தம் 8 பாயின்ட்தான் இருக்கு’ என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். அந்த 8 பாயின்ட் என்பது டெசிலிட்டருக்கு 8 கிராம் ஹீமோகுளோபின். கேட்பவருக்கோ 13 பங்கு இருக்க வேண்டிய ரத்தத்தில் 8 பங்குதான் இருக்கிறது, மீதி எங்கோ போய்விட்டது என்று தோன்றும். உடனே அடுத்த கேள்வி வரும்: ‘அப்ப ரத்தம் ஏத்திரலாமா டாக்டர்?’ சொல் தவறினால் கேள்வியும் தவறிவிடுகிறது. இன்னும் சிலர் ‘ரத்தம் கம்மி’ என்பதையும் ‘லோ பிபி’ என்பதையும் ஒன்றாக்கிக்கொண்டு, மாத்திரைக்குப் பதில் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு குடிக்கிறார்கள்.

‘பேச்சு வழக்குதானே, விட்டுவிடுங்கள்’ என்பவர்கள் கர்ப்பிணியின் உடலைப் பார்க்கட்டும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் 20 முதல் 30 விழுக்காடுதான் கூடுகின்றன. அதனால் மொத்த ரத்தம் கூடியிருக்கும்போதே ஹீமோகுளோபின் எண் இறங்குகிறது. ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் ரத்தம் கூடியிருக்கும் பெண்ணிடம் ‘உனக்கு ரத்தம் குறைவும்மா’ என்று சொல்கிறோம்!

விபத்தில் அடிபட்டவரிடம் இது தலைகீழ். ஒரு லிட்டர் ரத்தம் சாலையில் போயிருக்கும். கொண்டுவந்தவுடன் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 14 என்றே காட்டும். காரணம் எளிது: அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறியதால் மிஞ்சியிருக்கும் ரத்தத்தின் செறிவு மாறவில்லை. திசுக்களிலிருந்து நீர் ரத்தக்குழாய்க்குள் வந்து சேரவோ, சலைன் ஏற்றவோ செய்த பிறகுதான் எண் இறங்கும். ஆக, நிஜமாகவே ரத்தம் குறைந்தவருக்கு அந்த நேரத்தில் சோகை இல்லை. சோகை உள்ளவருக்கு ரத்தம் குறையவில்லை.

சிகிச்சையிலும் இந்த வேறுபாட்டை மறந்தால் ஆபத்து. மாதக்கணக்கில் ஹீமோகுளோபின் கொஞ்சம் கொஞ்சமாக 5 கிராமுக்கு இறங்கிவிட்ட ஒருவரின் உடல், குறைந்த அணுக்களுக்கு ஈடாகப் பிளாஸ்மாவைப் பெருக்கி, குழாய்களை நிறைத்தே வைத்திருக்கும். ‘ரத்தம் குறைவு’ என்று நினைத்து வேகமாக இரண்டு மூன்று யூனிட் ஏற்றினால், ஏற்கெனவே அதிக வேகத்தில் உழைக்கும் இதயம் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால்தான் முழு ரத்தத்தை விட்டு, சிவப்பணு மட்டும் செறிந்த ‘பேக்டு செல்’ பையை மெல்ல ஏற்றுகிறார்கள். ஆனாலும் ஒரு பையை 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஏறும் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம்.

ரத்த தான முகாமில் செய்யும் பழைய சோதனை ஒன்றைப் பார்த்தாலே இந்தப் பொருள் விளங்கிவிடும். அடர்த்தி எண் 1.053 ஆகக் கலந்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் நீலமாக ஒரு குவளையில் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். 15 விநாடிக்குள் நேராக அடியில் போய் விழுந்தால் ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்கிறது, தானம் செய்யலாம். நடுவில் தயங்கி நின்றாலோ மேலே வந்தாலோ கூடாது. சோதிக்கப்படுவது ஒற்றைச் சொட்டின் அடர்த்தி. உடம்பில் எத்தனை லிட்டர் ரத்தம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மிதந்துவிட்டவரை மட்டும் ‘உங்களுக்கு ரத்தம் கம்மி’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒரு கலைச்சொல்லை எடைபோட எளிய வழி, அதை வைத்துத் தொடர்கள் கட்டிப் பார்ப்பது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை, பி12 வைட்டமின் குறைவால் வரும் சோகை, சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் சோகை, அரிவாள் வடிவ அணுச் சோகை: எல்லாம் தடையின்றி நிற்கின்றன. ‘ரத்தக் குறைவை’ அந்த இடத்தில் போடுங்கள். ‘இரும்புச்சத்துக் குறைவு ரத்தக் குறைவு’ என்று குறைவின் மேல் குறைவு விழுகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே கண்டறியப்பட்ட அரிவாள் அணு நோயை ‘அரிவாள் ரத்தக் குறைவு’ என்று எழுதினால், அரிவாள் வெட்டில் ரத்தம் போனதாகத்தான் வாசகர் நினைப்பார். விளக்கம் போலத் தோன்றும் சொல் பெயராக நிற்க முடியாமல் விழுகிற இடம் இது.

‘சிவப்பணுக் குறைவு’ என்று திருத்தி எழுதுவோரும் உண்டு. கொஞ்சம் நெருங்கிவிட்டார்கள், ஆனால் அதுவும் சரியில்லை. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களுக்குச் சிவப்பணு எண்ணிக்கை பல வேளைகளில் இயல்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். அணு ஒவ்வொன்றும் சிறுத்து, உள்ளே ஹீமோகுளோபின் குறைந்து கிடக்கும். அவர்களின் பரிசோதனைத் தாளை இந்தச் சொல்லோடு சேர்த்துப் படித்தால் எதுவும் பொருந்தாது.

இனி, சோகை. வடமொழியில் வீக்கத்தைக் குறிக்கும் ‘சோப’ என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவது உண்டு. முற்றிய நோயில் முகம் உப்பி, கால் வீங்குவது நம் மருத்துவர்கள் கண்ணால் கண்டதுதான். சோகத்திலிருந்து சோகை வந்தது என்று சிலர் எழுதுவது ஓசையை வைத்துக் கட்டிய கதை. கரும்புச் சோகை வேறு சொல். சித்த மருத்துவ வழக்கில் இதனோடு சேர்ந்தே வரும் பாண்டு என்பதற்கு வெளிறிய நிறம் என்று பொருள். பாண்டவரின் தந்தைக்குப் பெயர் வந்ததும் அந்த நிறத்தால்தான். இந்த இரண்டு சொற்களும் கண்ணுக்குத் தெரியும் குறியைத்தான் சொல்கின்றன: வெளுப்பும் வீக்கமும். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் சிவப்பு இல்லை, உள்ளங்கை ரேகையில் நிறமில்லை, நகம் கரண்டிபோலக் குழிந்திருக்கிறது, பச்சரிசியும் சாம்பலும் தின்னத் தோன்றுகிறது. காரணத்தைப் பற்றிப் பொய் சொல்லாத பெயர் சோகை.

‘வடசொல் வேண்டாம்’ என்பவர்களின் அக்கறை எனக்கும் உண்டு. ரத்தத்துக்குக் குருதி என்று எழுதுவதை வரவேற்கிறேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘குருதிச்சோகை’ அழகான தீர்வு: தமிழ்ச் சொல்லும் இருக்கிறது, நோயின் பெயரும் கெடவில்லை. ஆனால் தூய்மைக்காகச் சோகையைத் தள்ளிவிட்டுக் குறையை வைத்தால், பொருளைக் கொடுத்துத் தூய்மையை வாங்கியதாகும். நோயாளிக்கு அதனால் நட்டம் மட்டுமே. கூட்டி எழுதும்போது மரம், மரச்சட்டம் ஆவதுபோல ‘ரத்தச்சோகை’ என்று ஒற்று இட்டு எழுதுவதே என் தேர்வு. தனியே ‘சோகை’ என்றாலும் போதும். சோகை வேறெந்த உறுப்பிலும் வருவதில்லை.

தவறான பெயர் சமையலறை வரை போகிறது. ‘ரத்தம் ஊற’ என்று பீட்ரூட்டும் மாதுளையும் வாங்குகிறோம், இரண்டும் சிவப்பு என்பதால். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி. அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவோ நாளுக்கு 29 மில்லிகிராம். ‘ஹீமோகுளோபின் செய்ய இரும்பு போதவில்லை’ என்று சொல்லியிருந்தால், ஈரல், கீரை, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ என்று பேச்சு சரியான பக்கம் திரும்பியிருக்கும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் அந்த இரும்பும் உடலில் சரியாகச் சேராது என்பதும் புரிந்திருக்கும்.

கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 180 நாள் தினமும் விழுங்கச் சொல்கிறார்கள். மலம் கறுப்பதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அந்தக் கறுப்பு, உடலில் சேராத மிச்ச இரும்பின் நிறம். பாலோடும் கால்சிய மாத்திரையோடும் சேர்த்து விழுங்குவது இன்னொரு வழக்கமான தவறு. எண் இயல்புக்கு வந்த பிறகும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும், கல்லீரலில் இருப்பு நிரம்ப. ‘ரத்தம் ஏறிடுச்சு’ என்று நினைப்பவர் ஏன் தொடரப் போகிறார்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. அத்தனை பேரின் கையில் கொடுக்கும் தாளில்தான் இந்தப் பிழை அச்சாகிறது.

‘ரத்தக் குறைவு’ என்ற தொடரை அழித்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் இருக்கிறது. பிரசவத்தில் உதிரம் பெருகி ரத்த ஓட்டம் தளர்ந்தால் அது ரத்தக் குறைவு. டெங்குவின் கடுமையான கட்டத்தில் பிளாஸ்மா குழாய்க்கு வெளியே கசிந்து, சுற்றும் ரத்தத்தின் கன அளவு சுருங்குகிறது. அப்போது சிவப்பணுச் செறிவு ஏறுமே தவிர இறங்காது. சோகைக்கு நேர் எதிரான அந்த நிலைக்கு ‘சுற்றோட்ட ரத்தக் குறைவு’ என்று எழுதலாம். சோகையையும் அதே பெயரால் எழுதிவிட்டவர்கள், டெங்கு பற்றி எழுத வரும்போது எந்தச் சொல்லைப் போடுவார்கள்?