பகடிவதை: சைபர்புல்லியிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இணையத்திலும் கைபேசியிலும் ஒருவரைத் திரும்பத் திரும்ப வாட்டுவதுதான் சைபர்புல்லியிங். ஆங்கிலத்தில் 'புல்லி' பிறந்தபோது அது கொஞ்சல் சொல். டச்சு மொழியில் காதலரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது என்பார்கள். பிறகு 'நல்ல ஆள்' ஆகி, சவடால் பேர்வழி ஆகி, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எளியவரை வாட்டுபவன் ஆனது. தமிழில் 'புல்லி' என்றால் 'தழுவி' என்று பொருள். அது வெறும் தற்செயல். இதை வைத்து யாரும் வேர்ச்சொல் ஆய்வுக்குக் கிளம்ப வேண்டாம்.

'சைபர்' கிரேக்க வழி. சுக்கான் பிடிப்பவரை, நம் பழைய சொல்லில் மீகாமனை, குறித்த வேர் அது. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், உயிர்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பினார். அதிலிருந்து வெட்டிய துண்டுதான் இன்று இணையம் சார்ந்த எதற்கும் முன்னால் ஒட்டிக்கொள்கிறது.

எல்லாச் சண்டையும் புல்லியிங் ஆகாது. நார்வேயில் இதை ஆராய்ந்த டான் ஒல்வியூஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பாதிக்கப்படுபவரால் எதிர்த்து நிற்க முடியாதபடி பலம் ஏறுமாறாக இருப்பது. கைபேசிக்கு வந்ததும் இவை உருமாறுகின்றன. ஒருவன் ஒரே முறை போட்ட படத்தை ஐம்பது பேர் பகிர்ந்தால் அதுவே ஐம்பது முறை. பலம் என்பதும் உடல்வலு அல்ல. போலிக் கணக்கு, கையில் இருக்கும் படம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் தலையெண்ணிக்கை.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இணைய மிரட்டல்' என்றால் பணம் கேட்டு மிரட்டுவதுபோல் தொனிக்கிறது. 'சீண்டல்' பாலியல் சீண்டலோடு ஒட்டிவிட்டது. 'துன்புறுத்தல்' தவறில்லை, ஆனால் வரதட்சணைக் கொடுமை முதல் எல்லாவற்றுக்கும் அதுதான். மலேசியத் தமிழர்கள் 'பகடிவதை' என்கிறார்கள். இலங்கையில் 'பகிடிவதை' பல்கலைக்கழக ராகிங்கைக் குறிக்கும். வதை வடமொழி 'வத'த்திலிருந்து வந்தது, தனித்தமிழ் அல்ல. இருந்தும் இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. செய்தவன் 'சும்மா கலாய்ச்சேன்' என்கிறான், அது பகடி. பட்டவருக்கு அது வதை. இரண்டு தரப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஒரு குறை உண்டு: குழுவிலிருந்து ஓசையில்லாமல் ஒதுக்கிவைப்பதும் இதில் சேரும், அதில் பகடியே இருக்காது.

பகடிவதைக்கு ஆளானவர் பதறி முதலில் செய்வது உரையாடலை அழிப்பது. சாட்சியும் அதோடு போய்விடும். தேதி, நேரம், கணக்கின் பயனர்பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவின் இணைப்பையும் நகலெடுத்துவைக்க வேண்டும். திரையில் காட்டும் பெயரை யாரும் நொடியில் மாற்றலாம். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. பிளாக் செய்தால் வகுப்பில் வம்பு வளரும் என்று பயந்தால், இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' இருக்கிறது: வதைப்பவர் எழுதும் கமெண்ட் அவருக்கு மட்டுமே தெரியும், செய்தி ரெக்வெஸ்ட் பகுதிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பது அவருக்குத் தெரியாது. 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவினால் 'டேக் இட் டவுன்' சேவை உதவும். படம் கைபேசியை விட்டு வெளியேறாது. அதன் எண் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டுமே சேவையில் இணைந்த தளங்களுக்குப் போகும்.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் 14417க்கு அழைக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. போலீஸ் புகாருக்கு 1930, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். புகார் எழுதும்போது இந்தச் சொல்லாராய்ச்சியை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சைபர்புல்லியிங் என்று தனிக் குற்றம் கிடையாது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி, அந்தரங்க உறுப்புப் படத்தை அனுமதியின்றி எடுப்பதற்கும் பரப்புவதற்கும் 66இ, குழந்தைகளைப் பாலியலாகக் காட்டுவதற்கு 67பி என்று பிரிவுகள் செயலைத்தான் பார்க்கின்றன. ஆகவே 'என்னைப் பகடிவதை செய்தார்கள்' என்று எழுதாமல், 'இந்தத் தேதியில், இந்தக் கணக்கிலிருந்து, என் பெயரில் போலிப் பக்கம் தொடங்கி இதைப் போட்டார்கள்' என்று எழுதுங்கள்.