ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி: எவையெல்லாம் கணக்கில் சேரும்?

ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாட்டு வாய்ப்புகளில் பங்கேற்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 எதிர்பார்க்கிறது. இந்தப் பங்கேற்பு ஆசிரியரின் சொந்த ஆர்வத்தை ஒட்டி அமைய வேண்டும் என்றும் அதே இடத்தில் கூறப்பட்டுள்ளது. நடைமுறையில் 50 என்ற எண் மட்டும் சுற்றறிக்கைகளில் நிலைத்துவிட்டது, ஆர்வம் என்ற சொல் உதிர்ந்துவிட்டது.

கொள்கை என்பது சட்டம் அன்று. ஆயினும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன்னுடன் இணைந்த பள்ளிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியுள்ளது. வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும் பயிற்சிகளில் 25 மணி நேரமும், பள்ளிக்குள்ளேயோ அருகிலுள்ள பள்ளிகள் இணைந்த சகோதயா குழுமத்திலோ நடைபெறும் பயிற்சிகளில் மீதி 25 மணி நேரமும் நிறைவு செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அந்தந்த மாநிலக் கல்வித்துறையின் ஆணைகளே பொருந்தும்.

இரண்டாவது 25 மணி நேரத்தைப் பலர் எளிதாக எண்ணிவிடுகின்றனர். என் பார்வையில், பயன் மிகுந்த பகுதி அதுவே. ஒரு பள்ளியில் இயற்பியலுக்கு ஒரே ஆசிரியர் இருக்கும்போது, மின்சுற்றுப் பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பேசுவதற்கு அவருக்குத் துணையில்லை. அதே பாடத்தை நடத்தும் பிற பள்ளி ஆசிரியர்களோடு வினாத்தாளையும் திருத்திய விடைத்தாள்களையும் வைத்துக்கொண்டு அமர வாய்ப்பளிப்பது குழுமக் கூட்டம்தான். அரசுப் பள்ளிகளில், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் இந்த நோக்கத்துக்காகவே ஏற்பட்டவை. அங்கே புள்ளிவிவரப் படிவங்களை நிரப்புவதிலேயே பொழுது கழிந்தால், கற்பித்தல் குறித்த அமர்வைக் கேட்டுப் பெறுவதில் ஆசிரியர்கள் தயங்க வேண்டியதில்லை.

இணையவழியில் படிக்க விரும்புவோருக்கு, 2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசால் தொடங்கப்பட்ட தீக்‌ஷா தளம் உள்ளது. 2019இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்டா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் அடுத்த ஆண்டே இத்தளத்துக்கு வந்தது. நிஷ்டா பாடநெறியின் அனைத்துப் பகுதிகளையும் முடித்து, இறுதி மதிப்பீட்டில் 70 விழுக்காடு பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். காணொலிகளை ஓடவிட்டு வேறு வேலை பார்த்தவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

சான்றிதழில் அச்சாவது தளத்தில் பதிவு செய்த பெயரே என்பதால், தலைப்பெழுத்து உட்பட அது பணிப்பதிவேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்பதைப் பாடநெறியில் சேருமுன்பே சரிபார்ப்பது நல்லது. பள்ளிக்குள் நடக்கும் பயிற்சிக்குத் தேதி, தலைப்பு, கால அளவு, வருகைக் கையொப்பம் ஆகியவற்றை அன்றன்றே பதிவு செய்து, ஒரு நகலை ஆசிரியர் தம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மாறிச் செல்லும்போது பழைய பள்ளியின் பதிவேடு கூடவே வருவதில்லை.