பயோமாஸ்: கூலமா, கூளமா?

'பயோமாஸ் மின்சாரம்', 'பயோமாஸிலிருந்து எத்தனால்' என்றெல்லாம் செய்திகளில் வந்துகொண்டே இருக்கிறது. இதில் 'பயோ' பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உயிர் அல்லது வாழ்வு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்தான். 'மாஸ்' பக்கம்தான் சுவாரசியம். லத்தீனில் அது 'மஸ்ஸா', அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் 'மாட்ஸா', அதாவது வாற்கோதுமை மாவைப் பிசைந்து செய்த அடை. உணவாகாத வைக்கோலையும் சக்கையையும்கூடக் குறிக்க உலகம் முழுக்கப் புழங்கும் சொல்லுக்குள் ஒரு தின்பண்டம் ஒளிந்திருக்கிறது!

1930களில் இந்தச் சொல்லைப் புழங்கத் தொடங்கியவர்கள் உயிரியல், சூழலியல் ஆட்கள். ஓர் ஏரியிலோ காட்டிலோ உள்ள உயிர்கள் எல்லாவற்றின் மொத்த நிறை என்பதுதான் அவர்களுக்குப் பொருள். மீனும் சேரும், பாசியும் சேரும். 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு எரிசக்தித் துறை இதைக் கையில் எடுத்தது. எரிக்கவோ எரிபொருளாக மாற்றவோ முடிகிற செடி, மரம், சாணம் என்று பொருள் சுருங்கியது. (நிலக்கரியும் பெட்ரோலியமும்கூட ஒரு காலத்தில் உயிராக இருந்தவைதான், ஆனால் அவை மறுபடி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதால் இந்தக் கணக்கில் வராது.)

தமிழில் உயிர்த்திரள், உயிரித்திரள், உயிர்த்திணிவு என்று மூன்றும் கண்ணில் படுகின்றன. இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நிறை' என்பதை இலங்கைப் பாடநூல்கள் 'திணிவு' என்கின்றன, மூன்றாவது சொல் அந்த வழியில் வந்தது. ஏரியில் எத்தனை டன் உயிர் இருக்கிறது என்று அளக்கும்போது திணிவு நன்றாகவே பொருந்தும். ஆலை வாசலில் குவிந்துகிடக்கும் பொருளைச் சொல்ல 'திரள்'தான் சரி. என் ஓட்டு உயிர்த்திரளுக்கு.

ஆனால் உயிர்த்திரள் என்றால் தின்பதா, தின்னாததா? அதைத்தான் இந்தச் சொல் சொல்வதில்லை, சண்டையே அங்கேதான். மக்காச்சோளத்தையும் கரும்புச் சாற்றையும் நொதிக்க வைத்து எத்தனால் எடுப்பது முதல் தலைமுறை. 2007-08இல் உலகெங்கும் உணவு விலை ஏறியபோது, சாப்பிடுவதை வண்டியில் ஊற்றலாமா என்று பெரிய விவாதம் கிளம்பியது. தானியத்தை விட்டுவிட்டு வைக்கோல், தட்டை, சக்கை, மரத்தூள் என்று போவது இரண்டாம் தலைமுறை. தலைமுறைக் கணக்கை வைத்து யாருக்கு என்ன விளங்கும்? தமிழில் இதற்கு அருமையான ஒரு சோடி இருக்கிறது. கூலம் என்றால் தானியம், சாத்தனாரைக் கூலவாணிகன் என்கிறோமே, அதே கூலம். கூளம் என்றால் வைக்கோல் துண்டு, சருகு, செத்தை. கூலத்திலிருந்து வந்தால் கூல எத்தனால், கூளத்திலிருந்து வந்தால் கூள எத்தனால், முடிந்தது. ல, ள இரண்டையும் ஒன்றாக உச்சரிப்பவர்கள் வாயில் இது குழம்பும், ஒத்துக்கொள்கிறேன். எழுத்தில் குழப்பமில்லை.

சரி, கூளத்தில் அப்படி என்ன கஷ்டம்? அங்கே வருகிறது 'லிக்னோசெல்லுலோஸ்' என்ற நீளப் பெயர், செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்றும் பின்னிக்கிடக்கும் செடியுடல் பொருள். செல்லுலோஸ் என்பது 1830களின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் பிரித்தெடுத்த பொருளுக்கு வந்த பெயர், 'சிற்றறை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் குளுக்கோஸ் அலகுகள் கோத்திருக்கும் திசை வேறு, அந்தச் சின்ன மாற்றத்தால் நம் வயிற்று நொதிகள் அதன்மேல் வேலை செய்வதில்லை. அதனோடு பின்னிக்கிடக்கும் ஹெமிசெல்லுலோஸில் சைலோஸ் போன்ற ஐங்கரிம (ஐந்து கார்பன் அணுக்கள் உள்ள) சர்க்கரைகள் உண்டு. எத்தனால் காய்ச்சப் பயன்படும் வழக்கமான ஈஸ்ட், சைலோஸைத் தொடவே தொடாது, அதற்காக ஈஸ்டின் மரபணுவையே மாற்றவேண்டியிருக்கிறது.

மூன்றாவது ஆள் லிக்னின். லத்தீனில் லிக்னும் என்றால் மரக்கட்டை, 1813இல் தாவரவியலாளர் தெ காந்தோல் வைத்த பெயர். சர்க்கரைச் சங்கிலிகளைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொண்டு நொதிகளை உள்ளே விடாமல் தடுப்பது இதுதான், அதனால்தான் அமிலம், உயரழுத்த நீராவி என்று முதலில் அடித்து இளக்கிவிட்டுத்தான் மற்ற வேலை தொடங்கும். நாம் இதை லிக்னின் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம், ஆனால் தொல்காப்பியம் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்று செடிகளைப் பிரித்ததே இந்தக் கெட்டித்தன்மையை வைத்துத்தான். பனையும் மூங்கிலும் வெளியே வைரம் பாய்ந்தவை, ஆகவே புல். அந்த வைரம்தான் காழ். அதிலிருந்து 'காழ்மம்' என்று ஒரு சொல்லைச் செய்தால் லிக்னினுக்கு அச்சாகப் பொருந்தும் என்பது என் யோசனை. 'காழியம்' வேண்டாம், ஏதோ தனிமத்தின் பெயர்போல ஒலிக்கிறது.

பெயர் வைப்பது சுலபம், ஆலை ஓட்டுவது அப்படியில்லை. 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் கூள எரிபொருள் என்று அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது, அதன் அருகில்கூட வர முடியவில்லை. அங்கே அயோவா மாநிலத்தில் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம் 2015இல் திறந்த பெரிய கூள எத்தனால் ஆலை 2017இல் மூடப்பட்டது. லிக்னினிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், காசைத் தவிர என்று இந்தத் துறையில் ஒரு பழைய நக்கல் உண்டு. முழு உண்மை இல்லை. நார்வேயில் லிக்னினிலிருந்து வெனிலின், அதாவது வெனிலா வாசனைப் பொருளைத் தயாரித்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் 'பயோரிஃபைனரி'. 'உயிரிச் சுத்திகரிப்பு ஆலை' என்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. அங்கே அழுக்கு நீக்கும் வேலை நடக்கவில்லை, கூளத்தைக் கூறு கூறாகப் பிரித்து ஒன்றை எரிபொருளாகவும் இன்னொன்றை வேதிப்பொருளாகவும் மாற்றுகிறார்கள். 'கூளப் பகுப்பாலை' என்றால் நடப்பது விளங்கும்.

தனித்தனி வேதிப்பொருள்களின் பெயரை மட்டும் விட்டுவிடலாம். ஓட்ஸ் உமியிலிருந்து 1922இல் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனம் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கிய ஃபர்ஃபியூராலின் பெயருக்கு மூலம், தவிட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். அதற்காக 'தவிட்டியம்' என்று எழுதினால், புட்டியில் ஒட்டிய பெயரோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாராலும் முடியாது.