டெங்கு தடுப்பூசிச் சோதனையில் டைட்டர் சொல்வதும் சொல்லாததும்

டெங்குவுக்கான சோதனைத் தடுப்பூசி ஒருவரின் உடலில் எதிர்ப்பாற்றலை வளர்த்திருக்கிறதா என்பதை அறிய, ஊசி போடும் முன்பும் போட்டுச் சில வாரங்கள் கழித்தும் அவரிடம் இரத்தம் எடுத்து, அதன் தெளிந்த திரவமான சீரத்தைப் பிரிக்கிறார்கள். வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் அதில் எவ்வளவு உள்ளன என்பதை அளக்க நெடுங்காலமாக நம்பப்படுவது பிளேக் குறைப்புச் சோதனை.

சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால், வைரஸைத் தாக்கக்கூடிய வேறு சில புரதங்கள் செயலிழக்கும், ஆன்டிபாடிகள் தாக்குப்பிடிக்கும். பிறகு அதை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு எனப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வைரஸைக் கலந்து, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வீரோ செல்களின் படலத்தில் ஊற்றுகிறார்கள். மேலே கூழ் போன்ற பொருளைப் பரப்புவதால், தப்பிய வைரஸ் தொலைவுக்குப் பரவ முடியாமல் பக்கத்துச் செல்களையே அழிக்கிறது. சில நாள்களில் ஊதாச் சாயமிட்டதும் உயிரோடுள்ள செல்கள் நிறமேற, அழிந்த இடங்கள் வெளிறிய வட்டங்களாகத் தெரியும், அவைதாம் பிளேக்குகள். அவற்றின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வல்ல கடைசி நீர்ப்பே டைட்டர். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதால் நான்குக்கும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

இவ்வளவு கவனமாகப் பெற்ற எண்ணும் தவறான நம்பிக்கையைத் தரக்கூடும். தாய்லாந்தின் ராட்சபுரியில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், டெங்வாக்ஸியா தடுப்பூசி நான்கு வகைகளுக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்கியிருந்தும் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 30.2 சதவீதமாகவே இருந்தது. இரண்டாம் வகைக்கு எதிராகப் பயனே தென்படவில்லை. ஒரு வகைக்கென உருவான ஆன்டிபாடி இன்னொரு வகையிலும் அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும் என்பது இதற்கு முக்கியமான விளக்கம். அப்படி ஒட்டிய ஆன்டிபாடி, தன் வால்பகுதியைப் பற்றும் ஏற்பிகள் கொண்ட நோயெதிர்ப்புச் செல்களுக்குள் வைரஸ் நுழைய வழிசெய்துவிடவும் கூடும். வீரோ செல்களில் அந்த ஏற்பிகள் இல்லை. ஆகவே இந்த ஆபத்து சோதனைத் தட்டில் தெரிவதே இல்லை.

இதனால் இன்று சில ஆய்வகங்கள், பிற வகை வைரஸ் பூசிய நுண்மணிகளைச் சீரத்தில் இட்டுப் பொதுவாக ஒட்டும் ஆன்டிபாடிகளை நீக்கிவிட்டு, மிஞ்சியதை மட்டும் மறுபடி அளக்கின்றன. டைட்டரோடு இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டைட்டர் ஆன்டிபாடிகளை மட்டுமே அளப்பதால், வைரஸ் புகுந்த செல்களை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்களின் பங்கைத் தனியே பார்க்க வேண்டும். வைரஸ் புரதத் துண்டுகளைக் காட்டும்போது எத்தனை செல்கள் இன்டர்பெரான் காமா என்னும் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன என்பதை எலிஸ்பாட் சோதனை எண்ணிச் சொல்கிறது. டெங்வாக்ஸியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் மீது கட்டப்பட்டது. டெங்குவின் உட்புரதங்கள் அதில் இல்லாததால், அவற்றை அடையாளம் காணும் டி செல்களை அது பயிற்றுவிப்பதில்லை.