கிளிக் – சொடுக்கு

‘இங்கே கிளிக் செய்யவும்’ என்பதில் வரும் கிளிக்குக்கு வேர்ச்சொல் தேடிப் போனால் கையில் சிக்குவது வெறும் சத்தம்தான். தாழ்ப்பாள் விழும்போதும் பேனா மூடி பொருந்தும்போதும் கேட்கிற அந்தச் சின்ன ஓசையை, காதில் விழுந்தபடியே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வகைச் சொல்லை ஒலிக்குறிப்பு என்போம்.

ஆங்கிலத்தில் இது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுத்துக்கு வந்துவிட்டது. டச்சில் ‘கிளிக்கன்’ உண்டு. தமிழிலும் ‘கிளுக்’கென்று சிரிக்கிறோம், குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறோம். உடனே, ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம்! ஒரே மாதிரி சத்தத்தைக் கேட்ட காதுகள் தனித்தனியாகவே ஒரே மாதிரி சொல்லை உண்டாக்கிக்கொள்ளும்.

மொழியியலிலும் ஒரு கிளிக் இருக்கிறது. இரக்கப்பட்டு ‘உச்’ கொட்டும்போது நாக்கு மேற்பல்லை விட்டுச் சட்டென விலகுகிறதே, அந்த ஒலிதான். நமக்கு அது வெறும் உணர்ச்சிக் குறி. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியிலோ அது சாதாரண மெய்யெழுத்து. அந்த மொழியின் பெயரே ஒரு கிளிக்கில்தான் தொடங்குகிறது.

கணினிக்கு வருவோம். அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். அப்புறம் மவுஸ் பரவப் பரவ, பொத்தானின் ஓசையே அதை அழுத்தும் செயலுக்கும் பெயராகிவிட்டது.

தமிழில் இதற்குச் ‘சொடுக்கு’ என்கிறோம். டபுள் கிளிக், இரட்டைச் சொடுக்கு. ‘அழுத்து’ என்றால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் புரியும், சரி. ஆனால் அழுத்துவதில் சத்தம் இல்லை. விரலைச் சொடுக்கினாலும் சாட்டையைச் சொடுக்கினாலும் ஒரு வேகமும் ஓர் ஓசையும் கூடவே வருகின்றன. விரல் வேலை என்பதும் பொருந்துகிறது. பேச்சில் ‘சொடக்கு’ என்று ஏற்கெனவே புழங்குவதால் புதுச்சொல் என்ற கூச்சமும் இல்லை. ‘சொடுக்கவும்’, ‘சொடுக்கினேன்’ என்று வினையாகவும் தடங்கலின்றி வரும். ‘கிளிக்’குக்கோ ஒவ்வொரு முறையும் ‘செய்’ என்று ஒரு துணை வேண்டும்.

தொடுதிரையில் மட்டும் எனக்குத் தயக்கம். அங்கே பொத்தானும் இல்லை, சொடுக்கும் இல்லை. ‘தட்டுக’ என்றே எழுதுகிறேன். போனில் படமெடுக்கும்போது வருகிற ‘கிளிக்’ ஓசைகூட முன்பே பதிந்து வைத்த ஒலிதானே.