அபோகலிப்ஸ்: திரை விலகலும் ஊழியும்

'போஸ்ட் அபோகலிப்டிக்' கதைகளை 'உலக முடிவுக்குப் பிந்தைய கதைகள்' என்று பலரும் எழுதுகிறார்கள். உலகமே முடிந்துவிட்டால் அப்புறம் கதை யாரைப் பற்றி?

மூலச்சொல் கிரேக்கம். 'அப்போ' என்றால் அகற்றி, 'கலுப்தெய்ன்' என்றால் மூடுதல். இரண்டும் சேர்ந்த 'அப்போகலுப்சிஸ்' மூடியதைத் திறப்பதை, திரை விலக்குவதைக் குறித்தது. புதிய ஏற்பாட்டின் கடைசி நூல் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழ் விவிலியங்கள் அந்நூலை 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும் 'திருவெளிப்பாடு' என்றும் சரியாகவே பெயர்த்தன. அதில் வரும் அழிவுக் காட்சிகள் மனத்தில் தங்கிவிட, காலப்போக்கில் சொல்லுக்கே பேரழிவு என்ற பொருள் ஏறிவிட்டது.

'பேரழிவுக்குப் பிந்தைய' என்பதில் பிழையில்லை. ஆனால் ஒரு பெருவெள்ளமும் பேரழிவுதானே. 'பிரளயம்' வடசொல். எல்லாம் கரைந்து ஒடுங்குவது அதன் பொருள், மிச்சம் எதுவும் இராது. என் தேர்வு 'ஊழி'. நெடுங்காலம், யுகம், யுக முடிவு எல்லாம் அதற்குள் அடங்கும். "ஊழி பெயரினும் தாம்பெயரார்" என்கிறது குறள் (989). ஊழியே புரண்டாலும் நிலைபெயராத மனிதர்களுக்கு அந்த வரியில் இடமிருக்கிறது. ஆகவே 'ஊழிக்குப் பிந்தைய புனைவு' என்பேன். சுருக்கமாக, 'பின்னூழிப் புனைவு'.

இந்தப் புனைவுகள் பொருட்களில் அடிக்கடி சறுக்குகின்றன. பத்தாண்டு தூசி படிந்த காரில் ஏறி நாயகன் சாவியைத் திருக, இன்ஜின் உறுமுகிறது. சாதாரண பெட்ரோல் அத்தனை காலம் தாங்காது. எளிதில் தீப்பற்றும் பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சியது காற்றுப்பட்டுப் பிசினாகி எரிபொருள் குழாய்களை அடைக்கும். ஓரிரு ஆண்டிலேயே அது பயன்படாது.

மனிதர்களில் சறுக்குவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதல் நாளே கொள்ளை, இரண்டாம் நாள் கொலை. 1963-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தை நிறுவியவர்களில் ஒருவரான குவாரன்டெல்லி, பேரிடர்களில் கண்மூடித்தனமான பீதி அபூர்வம் என்றே திரும்பத் திரும்ப எழுதினார். 1995-இல் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

அங்கே வெளியிலிருந்து உதவி வந்தது, உண்மை. பின்னூழியில் வெளி என்று ஒன்று இல்லை. அப்போது கேள்வி தண்ணீரில் வந்து நிற்கும். கலங்கிய நீரை வடித்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். ஒருவர் விறகுக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரை எழுதிய கதைகளைத்தான் நான் நம்புகிறேன்.